ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுக்கலாமா, வேண்டாமா? கொங்குப் பக்கம் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

அக்கா மகன் போன மாதம் திருப்பூரில் முதல் கார் எடுத்தான். டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால் ஷோரூம் கொட்டேஷனைப் போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா, கடைசி வரியில ஆர்.எஸ்.ஏ.ன்னு ஒண்ணு போட்டிருக்காங்க. இது நமக்கு வேணுங்களா?" என்று கேட்டான். வேண்டும், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அன்று அவனை உட்கார வைத்துச் சொன்னதை, புதிதாக வண்டி வாங்குகிற எல்லோருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆர்.எஸ்.ஏ. என்பது ரோடு சைடு அசிஸ்டன்ஸ். வழியில் வண்டி நின்றுபோனால் ஒரு எண்ணுக்குக் கூப்பிடலாம், அவர்கள் ஆளை அனுப்புவார்கள். பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்டித் தருவது, பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட் கொடுப்பது, தீர்ந்துபோன பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றுவது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால் கதவைத் திறந்து தருவது, அங்கேயே சரிசெய்யக்கூடிய சின்ன ரிப்பேர், எதுவும் நடக்காவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விடுவது. இவ்வளவுதான் விஷயம்.

இதில் நாம் முன்கூட்டிக் காசு கட்டி வாங்கிவைக்க வேண்டியது கடைசியில் சொன்ன டோயிங் மட்டும்தான் என்பது என் முடிவு. மற்ற வேலைகளுக்கு நம் பக்கம் ஆள் பஞ்சம் கிடையாது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள். திருச்செங்கோடு போர் போடுகிற ரிக் வண்டி ஊர். இந்த வண்டிகளை நம்பிப் பிழைக்கிற பஞ்சர் கடை, பேட்டரிக் கடை, ஆட்டோ எலெக்ட்ரீஷியன், டிங்கரிங் பட்டறை எல்லாம் ரோட்டோரமாகவே வரிசையாக இருக்கும். டீக்கடையில் விசாரித்தால் ஆளைக் காட்டிவிடுவார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். இரவு எட்டரை மணி இருக்கும். கொப்பரைக் களம் ஒன்றின் முன்னால் வண்டியை ஓரங்கட்டி ஒரு போன் பேசிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால், டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் அடிக்கவில்லை. கையில் அப்போது இன்சூரன்ஸோடு சேராமல் தனியாகக் காசு கட்டி எடுத்த ஒரு ஆர்.எஸ்.ஏ. மெம்பர்ஷிப் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் வேறு மாநிலத்தில் இருந்தார். ஊர்ப் பெயரை நான்கு முறை சொன்னேன். "பக்கத்தில் பெரிய லேண்ட்மார்க் என்ன?" என்று கேட்டார். தேங்காய்க் களத்தை நான் எப்படி அவருக்கு லேண்ட்மார்க்காகச் சொல்வது? கடைசியில் லொகேஷன் அனுப்பினேன். 90 நிமிடத்தில் ஆள் வரும் என்று மெசேஜ் வந்தது.

ஒன்றேகால் மணி நேரம் போன பிறகு அதே எண்ணிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். இதற்குள் களத்துக் காவல்காரப் பெரியவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை வரும்போது டிவிஎஸ் ஃபிப்டியில் ஒரு பையனையும் கூட்டி வந்தார். பையன் பானெட்டைத் திறந்து செல்போன் டார்ச்சைப் பேட்டரி மேல் அடித்தான். பிளஸ் டெர்மினலைச் சுற்றி உப்பு மாதிரி வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்துக் கிடந்தது. விரலால் அசைத்துப் பார்த்தான், கிளாம்ப் ஆடியது. "பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது. டெர்மினல்தான் காண்டாக்ட் இல்லைங்க" என்றான். பெரியவரிடம் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றி, பூத்ததைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முடுக்கினான். பதினைந்து நிமிடம். ஒரே சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆனது. 200 ரூபாய் கொடுத்தேன், அதற்கே "எதுக்குங்ணா இவ்வளவு" என்றான். மெம்பர்ஷிப் ஆள் கிளம்பவே இல்லை என்று அப்புறம் தெரிந்தது.

இதை வைத்து மெம்பர்ஷிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் வால்பாறை மலையில் கிளட்ச் போனபோது நான் அனுபவித்தது வேறு கதை. அதற்கு வருகிறேன். முதலில் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதுக் காருக்கு முதல் சில வருடங்கள் கம்பெனியே ஆர்.எஸ்.ஏ. கொடுப்பது இப்போது சாதாரணம். வாரன்டி புத்தகத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் டோயிங், எந்த எண் என்பதை அதில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். என் மருமகன் கேட்ட கேள்விக்கு இங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. அவன் காருக்குக் கம்பெனி ஆர்.எஸ்.ஏ. இருந்தது. கொட்டேஷனில் இருந்தது அதன் மேல் இன்னொன்று.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசி. மூன்றாம் தரப்பு மட்டும் என்று எடுத்திருந்தால் உங்கள் வண்டிக்கு அதில் எதுவும் கிடைக்காது. முழு பாலிசியாக இருந்தால் ஆட்-ஆன், அதாவது கூடுதல் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதிகளின் பட்டியலில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் ஏஜென்ட் சேர்த்துவிட்டிருப்பார், நமக்கே தெரியாமல் இருக்கும்.

இங்கே பலர் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. "முழு இன்சூரன்ஸ் இருக்கே, வண்டி நின்னா அவங்களே தூக்கிட்டுப் போவாங்க" என்று நினைப்பது தவறு. கார்களுக்கான வழக்கமான முழு பாலிசியில் விபத்தில் அடிபட்ட வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போகிற செலவு 1,500 ரூபாய் வரைதான் சேரும். இன்ஜினோ எலெக்ட்ரிக்கலோ தானாகப் பழுதாவது அந்த பாலிசியில் வரவே வராது. அதற்கு ஆட்-ஆன் தனியாக வேண்டும்.

மூன்றாவதாக, நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033. டோல் கட்டிப் போகிற சாலைகளில் ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் வைத்திருக்க வேண்டியது டோல் எடுப்பவர்களின் பொறுப்பு. சேலம் - கோவை சாலையில் வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர், நாமக்கல் - கரூர் பக்கம் ராசம்பாளையம், வேலஞ்செட்டியூர் என்று நாம் டோல் கட்டிக்கொண்டேதானே போகிறோம்? வண்டி நடு ரோட்டில் நின்றால் முதல் போன் 1033க்குத்தான். ஆனால் அவர்கள் செய்வது வண்டியைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் பத்திரமான இடத்துக்கு நகர்த்துவது. உங்கள் வீட்டுப் பக்கத்து மெக்கானிக் வரை கொண்டுவந்து விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அடிபட்டவர் யாராவது இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், 108.

கிரெடிட் கார்டு சிலவற்றிலும் இந்த வசதி ஒட்டிக்கொண்டு வரும். இருந்தால் நல்லது, அதை நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம்.

அடுத்து, வண்டி எங்கே ஓடப் போகிறது?

ஒரு தாளை எடுத்துப் போன வருடம் போன வழிகளை எழுதுங்கள். புது வண்டி என்றால் இந்த வருடம் போகப் போகிற வழிகள். இதைச் செய்யாமல் மெம்பர்ஷிப் பற்றி முடிவு செய்வது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

வீட்டிலிருந்து பீளமேட்டுக்கு ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீடு பெருந்துறை, மாதம் ஒரு முறை பழனி. இப்படி ஓட்டுபவருக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. எங்கே நின்றாலும் பத்து கிலோமீட்டருக்குள் மெக்கானிக் கிடைப்பார், மச்சானோ தம்பியோ இன்னொரு வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

மலை ஏறுபவருக்குக் கணக்கு வேறு. கொங்கு நாட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. கொல்லிமலைக்கு 70. ஏற்காட்டுக்கு 20. இந்த ரோடுகளில் வண்டி நின்றால் நான்கு சிக்கல் ஒன்றாக வரும். சிக்னல் கிடைக்காது, மெக்கானிக் கடை கிடையாது, நிறுத்த இடம் இருக்காது, காட்டுப் பகுதி என்றால் இருட்டிய பிறகு வெளியே நிற்கவும் முடியாது. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தூக்கிப் போக வருகிற ரெக்கவரி வண்டியையும் அந்தக் கட்டுப்பாடு தடுத்தால், சாயங்காலத்துக்கு மேலே நின்றுபோகிற வண்டி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பாதையில் போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுவது எந்த மெம்பர்ஷிப்பையும் விடப் பெரிய பாதுகாப்பு.

இன்னொரு பட்டியலும் எழுத வேண்டும்: வண்டியை யார் ஓட்டுகிறார்கள். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் தனியாகத் திரும்புகிற தங்கை, வயதான அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர், வெளியூரிலிருந்து கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்கு வந்து உள்ளூரில் யாரையும் தெரியாதவர். இவர்களுக்கெல்லாம் "டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று நான் மேலே சொன்ன யோசனை பொருந்தாது. ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டால் யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்கிறார் என்பதற்கே அவர்கள் காசு கொடுக்கலாம். இதில் ரூபாய்க் கணக்கு பார்க்கவே கூடாது என்பது என் எண்ணம்.

டோயிங் கணக்கு

வால்பாறைக் கதை இதுதான். வண்டிக்கு ஒன்பது வயது. ஐந்து பேர், சாமான். ஒன்பதாவது வளைவு, ஆழியாறு அணை கீழே தெரியும் லோம்ஸ் வியூ பாயின்ட். அதற்கு முந்தைய வளைவிலேயே கருகிய வாசம் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது. இதை எந்தப் பையனாலும் ரோட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அப்போது இன்சூரன்ஸ் ஆட்-ஆன் மட்டும்தான் இருந்தது. கூப்பிட்டேன். பொள்ளாச்சியிலிருந்து ரெக்கவரி வண்டி வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது, ஆனால் வந்தது. கோவையில் நான் எப்போதும் விடுகிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகச் சொன்னேன். டிரைவர் கொக்கியை மாட்டிக்கொண்டே, "உங்க பிளான்ல 25 கிலோமீட்டர்தானுங்க ஃப்ரீ. கோயமுத்தூர்னா மிச்சத்துக்கு நீங்க குடுக்கோணும். பொள்ளாச்சியிலயே விட்டா கொஞ்சந்தான் வரும்" என்றார். அந்த நல்ல மனிதர் சொல்லாமல் இருந்திருந்தால் கோவை போய் இறங்கிய பிறகுதான் எனக்குப் பில் தெரிந்திருக்கும். பொள்ளாச்சியிலேயே விட்டேன். இரண்டாம் நாள் வண்டி ரெடி.

இந்த மாதிரிக் கணக்கை வீட்டில் உட்கார்ந்தே போடலாம். உங்கள் ஊரில் ரெக்கவரி வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் ஏற்றுக்கூலி எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு, போக வர இரண்டுக்கும் சேர்த்தா, ஒரு பக்கம் மட்டுமா என்று கேளுங்கள். ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கூலி 2,000, கிலோமீட்டருக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். லோம்ஸ் வியூவிலிருந்து கோவைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். மெம்பர்ஷிப் எதுவும் இல்லாவிட்டால் 2,000 + 2,800 = 4,800 ரூபாய்.

இப்போது 1,200 ரூபாய்க்கு ஒரு தனி மெம்பர்ஷிப், 25 கிலோமீட்டர் இலவசம் என்று வையுங்கள். மீதி 45 கிலோமீட்டருக்கு 1,800 நீங்கள் கொடுக்க வேண்டும். மிச்சமானது 3,000. அதாவது இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை இப்படி மலையில் நின்றால்தான் கட்டிய காசு நேராகும். அதுவே 300 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் ஆட்-ஆன், 50 கிலோமீட்டர் இலவசம் என்றால் நீங்கள் கொடுப்பது 20 கிலோமீட்டருக்கு 800 மட்டும், மிச்சம் 4,000. பதிமூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை நின்றாலும் நஷ்டமில்லை. எண்களை நான் உதாரணத்துக்குப் போட்டேன், உங்களுக்குக் கிடைக்கும் விலையை வைத்து நீங்கள் போடுங்கள். நான் பார்த்தவரை பதில் பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் சாயும்: பாலிசியோடு சேர்த்து வாங்குகிற ஆட்-ஆன் மலிவு, தனி மெம்பர்ஷிப்புக்குத் தனிக் காரணம் வேண்டும்.

என்ன காரணம்? வண்டிக்கு வயதாகிவிட்டதால் இன்சூரன்ஸ்காரர் ஆட்-ஆன் தர மறுக்கலாம். பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன வண்டிக்கு இது நடக்கும், ஆனால் டோயிங் அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். இல்லை, ஆட்-ஆனில் டோயிங் தூரம் குறைவாக இருந்து நீங்கள் அடிக்கடி பெங்களூருக்கோ கேரளாவுக்கோ போகிறவராக இருக்கலாம். இல்லை, ஒரே வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருந்து, வண்டிக்கு என்றில்லாமல் ஆளுக்கு என்று கொடுக்கும் மெம்பர்ஷிப் கிடைக்கலாம். இப்படி ஏதாவது இருந்தால் தனியாக எடுங்கள்.

பைக்குக்கு? ஆட்-ஆன் மலிவாகக் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி மெம்பர்ஷிப் வேண்டாம். ஒரு குட்டியானையில் ஏற்றிவிடலாம்.

பொடி எழுத்தில் என்ன தேட வேண்டும்

கொடுக்கிற நோட்டீஸில் டிக் போட்ட பட்டியல் இருக்கும், அதைப் படித்துப் பயனில்லை. நிபந்தனைகள் என்ற பகுதியை வாங்கிப் படியுங்கள். நான் தேடுவது இவை.

டோயிங் தூரம் எத்தனை கிலோமீட்டர், அது எங்கிருந்து எண்ணப்படுகிறது. வண்டி நிற்கிற இடத்திலிருந்தா, ரெக்கவரி வண்டி கிளம்புகிற இடத்திலிருந்தா? மலைக்கு இது ரொம்ப முக்கியம். விபத்துக்கும் பிரேக்டவுனுக்கும் ஒரே தூரமா என்றும் பாருங்கள்.

வருடத்துக்கு எத்தனை தடவை கூப்பிடலாம். மூன்று, நான்கு என்று எண்ணிக்கை இருக்கும். அதே பழுதுக்குத் திரும்பக் கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்றும் ஒரு வரி இருக்கும், அது நியாயமும்தான்.

எப்போதிலிருந்து அமலாகும். வண்டி நின்ற பிறகு ரோட்டிலிருந்தே போனில் மெம்பர்ஷிப் எடுத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது. பல திட்டங்கள் பணம் கட்டிச் சில நாள் கழித்துத்தான் தொடங்கும். நாளை மறுநாள் ஊட்டி போகிறவர் இன்று இரவு வாங்கினால் பிரயோஜனம் இல்லாமல் போகலாம்.

எது இலவசம், எது காசு. பெட்ரோல் கொண்டுவருவதுதான் இலவசம், பெட்ரோலுக்குக் காசு உண்டு. பேட்டரி ஜம்ப் இலவசம், புது பேட்டரி உங்கள் செலவு. ஸ்டெப்னி மாட்டுவது இலவசம், ஸ்டெப்னியிலும் காற்று இல்லாவிட்டால் நீங்கள் பஞ்சர் கடைக் காசும் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும்.

வாடகைக்கு ஓட்டுகிற மஞ்சள் போர்டு வண்டியா, சொந்த வண்டியா என்பதைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். வெள்ளை போர்டுத் திட்டத்தை மஞ்சள் போர்டுக்கு வாங்கினால் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

அப்புறம் எந்த வண்டியில் தூக்குவார்கள். சாதாரண முன்சக்கர டிரைவ் மேனுவல் காரை முன்பக்கம் தூக்கி, பின்சக்கரம் உருள இழுத்துப் போகலாம். நான்கு சக்கர டிரைவ், எலெக்ட்ரிக் கார்களை அப்படி இழுக்கத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை, நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஃபிளாட் பெட்டில் ஏற்ற வேண்டும். உங்களுடையது அந்த ரகம் என்றால் ஃபிளாட் பெட் உண்டு என்பதை எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எலெக்ட்ரிக் காரில் சார்ஜ் தீர்ந்து நின்றால் சார்ஜிங் நிலையம் வரை கொண்டுபோவார்களா என்பதையும் கேளுங்கள். ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் கொடுக்கப்படும் கார்களுக்கு டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் டோயிங் தவிர வழியில்லை. அவர்களுக்கு இது கூடுதல் காரணம்.

பணம் கட்டும் முன் ஒரு போன்

இந்த ஒன்றை மட்டுமாவது தயவுசெய்து செய்யுங்கள். விற்பனைக்காரரின் எண்ணை விட்டுவிட்டு, உதவிக்கு என்று கொடுத்திருக்கும் எண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுங்கள். "நான் இன்னும் மெம்பர் ஆகவில்லை, விசாரிக்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிட்டு இதைக் கேளுங்கள்: ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு மேல் ஒன்பதாவது வளைவில் வண்டி நின்றால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்? பண்ணாரிக்கு மேலே என்றால்? தாராபுரம் பக்கம் என்றால்?

பதிலைவிடப் பதில் சொல்லும் விதம் முக்கியம். தமிழில் பேச ஆள் கிடைக்கிறாரா? ஊர்ப் பெயர் புரிகிறதா? "பொள்ளாச்சியில் எங்களுக்கு ஆள் இருக்கிறார்" என்று சொல்கிறார்களா, "இந்தியா முழுக்க சர்வீஸ் உண்டு சார்" என்று மட்டும் சொல்கிறார்களா? நிதானமாக வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேசும்போதே புரியாதவர்களுக்கு, மழையில் நடுங்கிக்கொண்டு பேசும்போது எப்படிப் புரியும்? காங்கேயம் ரோட்டில் எனக்கு நடந்ததை இந்த ஒரு போனில் முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்

டிக்கியில் சில சாமான் இருக்க வேண்டும். ஜம்பர் கேபிள், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், டார்ச், ஒரு கேன் தண்ணீர், கார் வாங்கும்போதே கொடுத்த சிவப்பு முக்கோணம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உள்ளே இருக்கிறதா என்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வீட்டு வாசலில் வைத்து ஒரு தடவை டயர் கழற்றி மாட்டிப் பழகினால் பஞ்சருக்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை பேட்டரி டெர்மினலையும், மாதம் ஒரு முறை ஸ்டெப்னிக் காற்றையும் பாருங்கள்.

மழைக் காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. கோவையில் லங்கா கார்னர் மாதிரி ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்குவது ஐப்பசி, கார்த்திகையில் வாடிக்கை. தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். இன்ஜினுக்கென்று தனி ஆட்-ஆன் இல்லாவிட்டால் அந்தச் செலவை இன்சூரன்ஸ்காரர் ஒத்துக்கொள்வது கஷ்டம். இறங்கி, தள்ளி ஓரம் சேர்த்து, டோயிங்குக்குக் கூப்பிடுங்கள். ஆர்.எஸ்.ஏ. தன் காசை முழுதாகச் சம்பாதித்துக் கொடுக்கும் இடம் இதுதான்.

நான்கு வழிச் சாலையில் வண்டி நின்றால் ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். லாரிக்காரர்கள் மாதிரி கல்லும் தழையும் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கற்களை எடுத்து ஓரம் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பின்னால் வருகிற பைக்காரர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

வாங்கிய பிறகு

எண்ணை பாலிசித் தாளிலிருந்தோ வாரன்டி புத்தகத்திலிருந்தோ பார்த்து இன்றைக்கே போனில் சேமியுங்கள். நின்ற பிறகு இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது. கஸ்டமர் கேர் என்று போலி எண்ணைப் போட்டு வைத்து, "பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்க சார்" என்று லிங்க் அனுப்பிக் கணக்கைத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான உதவிக்காரர் ஓடிபி, பின் நம்பர் எதுவும் கேட்கமாட்டார்.

வந்தவர் வண்டியை ஏற்றும் முன் நான்கு பக்கமும் மீட்டரும் தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கொண்டு போவது, கூடுதல் காசு எவ்வளவு என்பதை வண்டி நகரும் முன்பே பேசி முடியுங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் பக்கத்தில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகச் சொல்லுங்கள். வெளியே பிரித்தால் அந்தப் பழுதுக்கு வாரன்டி கேட்க முடியாமல் போகலாம்.

என் மருமகன் கடைசியில் ஷோரூமில் சொன்னதை எடுக்கவில்லை. கம்பெனி கொடுத்தது முடியும்வரை அது போதும், முடிகிற மாதத்தில் பாலிசி ரினியூவல் பண்ணும்போது ஆட்-ஆன் சேர்த்துக்கொள்ளலாம் என்று செல்போன் காலண்டரில் தேதி போட்டு வைத்திருக்கிறான். அவன் மனைவியும் அந்தக் காரை ஓட்டுவாள். அதனால் ஒரு சின்ன அட்டையில் உதவி எண், பாலிசி எண், வண்டி எண், 1033, 108, எங்கள் ஊர் மெக்கானிக் எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் ஒட்டச் சொன்னேன். போனில் சார்ஜ் தீர்ந்து, வேறு யாருடைய போனையாவது கடன் வாங்கிக் கூப்பிடும்போது அந்த அட்டைதான் கைகொடுக்கும்.